கடையில் வாங்கிய சிப்பாய்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நாஷ்வில் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. இசைக்குப் பேர்போன நாஷ்வில் டென்னசி மாநிலத்தில் உள்ளது. அது வேறு, இது வேறு. இது பெரியன் கவுண்டியின் தலைமையூர், புகையிலை விளைந்த வட்டாரம். ஊர் நடுவே ஒரு சிப்பாய் சிலை. மற்ற சிலைகளைப்போல விறைத்து நிற்பவன் இல்லை இவன், நடந்துகொண்டிருக்கிறான். தலைக்கு மேல் உயர்ந்த வலக்கையில் கையெறி குண்டு. இடக்கையில் முனை ஈட்டி செருகிய துப்பாக்கி. காலடியில் குண்டு பட்டு முறிந்த மரங்களின் அடிக்கட்டைகள், அவற்றில் சுற்றிய முள்கம்பி. முதல் உலகப்போரில் பிரான்ஸ் மண்ணில், இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே கிடந்த பாழ்நிலத்தைக் கடந்து எதிரியை நோக்கிப் போகும் காலாள் வீரன். 1921இல் இங்கே வந்து சேர்ந்தான்.

அவன் யார் நினைவாக வைக்கப்பட்டானோ அவர்களில் பலர் பிரான்ஸ் மண்ணை மிதிக்கவே இல்லை. 1918 அக்டோபர் 6ஆம் தேதி ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடும் புயல். அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து வந்த கப்பல் கூட்டத்தில் ஒட்ராண்டோ என்ற கப்பலும் இருந்தது. போருக்கு முன்பு பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல் அது. காலையில் தொலைவில் கரை தெரிந்தது. அது ஸ்காட்லாந்துக் கரை என்று சரியாகக் கணித்த கப்பல்கள் ஒரு பக்கம் திரும்பின. அயர்லாந்துக் கரை என்று நினைத்த ஒட்ராண்டோ மறுபக்கம் திரும்பியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த காஷ்மீர் என்ற கப்பல் அதன் விலாவில் மோதியது. எதிரியின் நீர்மூழ்கியும் இல்லை, குண்டும் இல்லை. மௌன்சி என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் கொந்தளிப்புக்கு நடுவே உரசிக்கொண்டு நின்று, குதித்தவர்களில் ஏறக்குறைய 600 பேரைக் காப்பாற்றியது. ஒட்ராண்டோ ஐலா தீவின் பாறைகளில் சிதறியது. இறந்தவர்கள் சுமார் 470 பேர். அவர்களில் 350க்கும் மேற்பட்டோர் அமெரிக்கச் சிப்பாய்கள். ஜார்ஜியாவின் கிராமப்புறத்து இளைஞர்கள் அதில் நிறைய. பெரியன் கவுண்டி ஒன்றிலிருந்து மட்டும் இருபதுக்கு மேற்பட்டவர்கள். சண்டை நிற்க இன்னும் 36 நாள்தான் இருந்தது.

கடலில் மூழ்கியவர்களுக்கு, முள்கம்பியைத் தாண்டிக் குண்டெறியும் சிலை. இந்தப் பொருந்தாமையை ஊர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. விற்பனைக்கு இருந்தது இந்தச் சிப்பாய்தான், அதை வாங்கினார்கள். போர் முழுவதற்குமான கணக்கைப் பார்த்தால், பொருந்தாமை நாஷ்வில்லோடு நிற்கவில்லை என்பது தெரியும். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இறந்தவர்கள் 1,16,516 பேர். அவர்களில் சண்டையில் மடிந்தவர்கள் 53,402. மீதிப் பாதிக்கு மேல் நோயிலும் விபத்திலும் போனவர்கள். நோய் என்றால் பெரும்பாலும் 1918இன் விஷக் காய்ச்சல். பயிற்சி முகாமின் கட்டிலில் இருமி இருமிச் செத்தவனுக்கு எந்தப் பட்டறையும் சிலை வார்த்து வைத்திருக்கவில்லை.

இந்த நடக்கும் சிப்பாயைச் செய்தவர் ஏர்னெஸ்ட் மூர் விக்கெஸ்னி. 1876இல் இந்தியானா மாநிலத்து ஸ்பென்சர் என்ற ஊரில் பிறந்தவர், கல்தச்சர் குடும்பம். பிழைப்புக்காக ஜார்ஜியாவின் அமெரிக்கஸ் நகருக்கு வந்து கல்லறைக் கற்களும் நினைவுச் சின்னங்களும் செய்துகொண்டிருந்தார். போர் முடிந்ததும் ஊர் ஊராக நினைவுச் சின்னம் கேட்பார்கள், பெரிய சிற்பிக்குக் கொடுக்கும் பணம் சின்ன ஊர்களிடம் இருக்காது என்பதைப் புரிந்துகொண்டவர். 'அமெரிக்க டஃப்பாயின் ஆன்மா' என்று பெயர் சூட்டினார். டஃப்பாய் என்பது அந்தப் போரின் அமெரிக்கச் சிப்பாய்க்கு வழங்கிய செல்லப்பெயர். உடுப்பு, தோள்பை, தண்ணீர்க் குடுவை, காலில் சுற்றிய பட்டி என்று எதுவும் பிசகாமல் பார்த்துச் செய்தார். திரும்பி வந்த சிப்பாய்களின் கண்ணுக்குச் சிற்ப நயத்தைவிட இதுதான் முக்கியம் என்று அவருக்குத் தெரியும்.

உற்பத்தி சிகாகோவில், ஃப்ரீட்லி வோஷார்ட் என்ற நிறுவனத்தில். கட்டடங்களுக்கான உலோக அலங்காரத் தகடுகளை அச்சில் அழுத்திச் செய்து விற்றவர்கள் அவர்கள். அதே வேலைமுறையில் மெல்லிய செம்புத் தகடுகளைத் துண்டு துண்டாக அழுத்தி எடுத்து, உள்ளே ஒரு இரும்புச் சட்டகத்தை நிறுத்தி, துண்டுகளை ஒட்டிப் பற்றவைத்தால் சிப்பாய் தயார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. தூரத்திலிருந்து பார்த்தால் வெண்கலம்; தட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். தனியாக வார்க்கும் வெண்கலச் சிலையின் செலவில் ஒரு சிறு பங்குக்கு இது கிடைத்தது. முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் கிளைகள்தான் முக்கிய வாடிக்கை. மேசையில் வைக்கும் அளவில் குட்டிச் சிலைகளும் உண்டு. அவற்றை விற்றுப் பெரிய சிலைக்குப் பணம் சேர்த்த ஊர்களும் இருந்தன. ஜான் பால்டிங் என்ற சிற்பியும் ஏறக்குறைய இதே தோரணையில் ஒரு சிப்பாயை விற்றார். யார் யாரைக் காப்பியடித்தது என்று சட்டச் சண்டை மூண்டது. இன்றைக்கும் விக்கெஸ்னியின் சிப்பாய்கள் ஏறக்குறைய 140 பேர் பூங்காக்களிலும் கோர்ட் வாசல்களிலும் அதே காலை எடுத்து வைத்து, அதே கையை உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள். எளிதில் உடைவது துப்பாக்கி முனை ஈட்டி, அடுத்தது முள்கம்பி. பழுது பார்க்கிறவர்களுக்குத் தீராத வேலை அது.

கலை அறிந்தவர்கள் இந்தச் சிலைகளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். 1920களின் அமெரிக்காவில் இதுபற்றி உரத்த விவாதமே நடந்தது. செத்தவர்களுக்குச் செம்புப் பொம்மை எதற்கு, பொது மண்டபம் கட்டுங்கள், மருத்துவமனை கட்டுங்கள், பூங்கா அமையுங்கள் என்று ஒரு தரப்பு. பயன்படும் கட்டடத்தில் இறந்தவனின் நினைவு நாலே வருஷத்தில் கரைந்துவிடும் என்று எதிர்த் தரப்பு. முகம் சுளித்தவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். சிலை பட்டறைச் சரக்கு என்பது உண்மை. ஆனால் சின்ன ஊரின் நினைவுச் சின்னத்தில் சிலை ஒரு பகுதி மட்டும். கீழே பீடம் இருக்கிறது. பீடத்தில் பெயர்கள் இருக்கின்றன, யார் வைத்தார்கள் என்ற விவரம் இருக்கிறது, அது எந்த நிலத்தில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்ற முடிவு இருக்கிறது. சிப்பாய் கடைக்குச் சொந்தம். பீடம் ஊருக்குச் சொந்தம். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் 'உபயம்' வரியைப் போல, ஊரின் மனசு எழுதியிருப்பது அங்கேதான். சிலையை அண்ணாந்து பார்க்கும் ஆய்வாளர் வரலாற்றில் பாதியைத் தவறவிடுகிறார்.

பட்டறைச் சிப்பாய் என்ற வியாபாரத்தை விக்கெஸ்னி தொடங்கிவைக்கவில்லை. அது அமெரிக்க உள்நாட்டுப் போரின் பிள்ளை. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் இறந்தவர்கள் 6,20,000 என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்ட எண். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு டேவிட் ஹேக்கர் என்ற வரலாற்றாய்வாளர் 2011இல் வெளியிட்ட மதிப்பீடு அதை ஏழரை லட்சத்துக்கு உயர்த்தியது. உடல்கள் ஊர் திரும்பவில்லை. புதைத்த இடம்கூடத் தெரியாத குடும்பங்கள் ஏராளம். ஊர் நடுவில் ஒரு கல் வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து வந்தது.

அதற்கு முன்பு சிலை என்றால் குதிரைமேல் தளபதி, அல்லது ஜனாதிபதி. பெயரில்லாத சாதாரணக் காலாள் வீரன் பீடம் ஏறியது இந்தப் போருக்குப் பிறகுதான் பரவலானது. கலை வரலாற்றாசிரியர் கிர்க் சாவேஜ் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழாயின் மேல்பகுதியை இரு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சற்றே பின்வைத்து நிற்பான் அந்தச் சிப்பாய். அணிவகுப்பின் நடுவில் இளைப்பாறும் நிலை இது. கல்தச்சருக்கும் இது தோதான நிலை. இரண்டு காலும் துப்பாக்கியுமாக மூன்று ஊன்றுகள். சிலை தானாக நிற்கும், நீட்டிய கை எதுவும் இல்லாததால் உடையவும் உடையாது. ஆன்டீட்டம் போர்க்களக் கல்லறைத் தோட்டத்தில் 1880 முதல் நிற்கும் ராட்சதக் கிரானைட் சிப்பாய் இருபத்தோரு அடிக்கு மேல் உயரம். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க நூற்றாண்டுப் பொருட்காட்சியில் அதை வைத்திருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தங்கள் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று திரும்பியிருப்பார்கள். விளம்பரம் வேறு எதற்கு?

கிரானைட்டும் வாங்க முடியாத ஊருக்குத் துத்தநாகம் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் மான்யுமென்டல் பிரான்ஸ் (Bronze) கம்பெனி என்று ஒன்று. கம்பெனிப் பெயரில் வெண்கலம் இருந்தாலும் சரக்கில் வெண்கலம் கிடையாது. துத்தநாகத்தைத் துண்டு துண்டாக வார்த்து, உருக்கிய துத்தநாகத்தையே ஊற்றி இணைத்து, மேலே மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்தார்கள். நாளானதும் அதற்கு ஒரு சாம்பல் நீல நிறம் ஏறும். அதற்கு 'வெள்ளை வெண்கலம்' என்று பெயர் வைத்து, ஏஜெண்டுகளைப் படப் புத்தகத்தோடு ஊர் ஊராக அனுப்பினார்கள். இந்தச் சின்னங்களில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. பீடத்தின் பக்கப் பலகைகளைத் திருகாணி போட்டுத்தான் மாட்டியிருப்பார்கள். ஊர் கொடுக்கும் பெயர்களையும் வாசகத்தையும் ஒரு பலகையில் வார்த்து முடுக்கிவிட்டால் பொதுச் சரக்கு உள்ளூர்ச் சின்னமாகிவிடும். பலகையைக் கழற்றினால் உள்ளே வெற்றிடம். துத்தநாகத்தில் பாசி பிடிக்காது, எழுத்து மழுங்காது, இன்றைக்கும் படிக்கலாம். ஆனால் தன் எடையைத் தானே தாங்கும் வலு அதற்குக் குறைவு. பத்தாண்டுகள் போகப் போகப் பீடத்தின் அடிப்பகுதி பிதுங்கி விரிசல் விட, சிப்பாய் மெல்லச் சாய ஆரம்பிக்கிறான்.

உள்நாட்டுப் போர் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று கொன்ற போர். ஆனால் இரு தரப்புக்கும் சிப்பாய் விற்ற பட்டறைகள் சில பொதுவானவை. சாரா பீத்தம் போன்ற கலை வரலாற்றாய்வாளர்கள் இதை விவரமாகக் காட்டியிருக்கிறார்கள். இடுப்புப் பட்டையின் வில்லையில் எழுத்தை மாற்ற வேண்டும். வடக்கத்திக்காரனுக்கு முன் விளிம்பு மட்டும் உள்ள தொப்பி, தெற்கத்திக்காரனுக்குச் சுற்றிலும் விளிம்பு தொங்கும் தொப்பி. முதுகில் பைக்குப் பதிலாகத் தோளில் சுருட்டிய போர்வை. மற்றபடி அதே நிலை, அதே மீசை, அதே எங்கோ பார்க்கும் கண். இதிலிருந்துதான் அமெரிக்காவில் ஓர் ஊர்க்கதை பிறந்தது. வட கோடியில் மெய்ன் மாநிலத்து யார்க் ஊரில் நிற்பவன் வடக்கத்திச் சிப்பாய் மாதிரி இல்லை. தெற்கே தென் கரோலினாவின் கிங்ஸ்ட்ரீ ஊரில் நிற்பவன் வடக்கத்திக்காரன் சாயல். பார்சல் மாறிப் போய்விட்டது, இரண்டு ஊரும் எதிரியின் சிலையைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லிச் சிரிப்பார்கள். நல்ல கதை. தேதி உதைக்கிறது: யார்க் சிலை 1906, கிங்ஸ்ட்ரீ சிலை 1910. நான்கு வருஷமாக எந்தப் பார்சலும் மாறாது. யார்க் சிலையின் உடுப்பும் தெற்கத்தி உடுப்பு இல்லை; 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின் உடுப்பு. சிற்பி தனக்குத் தெரிந்த, தன் காலத்துச் சிப்பாயைச் செதுக்கிவிட்டார், அவ்வளவுதான்.

சிற்பிக்குச் சிப்பாய் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜியாவிலேயே எல்பர்ட்டன் என்ற ஊர் சாட்சி. 1898இல் அந்த ஊர் தெற்கத்திப் படை வீரருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்க முடிவு செய்தது. ஊரைச் சுற்றி நல்ல கிரானைட் கிடந்தது. வேலை தெரிந்தவர்தான் இல்லை. இத்தாலியிலிருந்து வந்த ஆர்தர் பீட்டர் என்ற சிற்பியிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவருக்குத் தெற்கத்திச் சிப்பாய் எப்படியிருப்பான் என்பது தெரிந்திருக்கவில்லை என்றே சிலையைப் பார்த்தால் தோன்றுகிறது. குட்டைக் கால், தடித்த உடம்பு, வட்ட முகம், பெரிய மீசை. அதுகூடப் பரவாயில்லை. மேலே போட்டிருந்த நீளக் கோட்டும் தலையில் வைத்திருந்த தொப்பியும் அச்சு அசல் வடக்கத்திப் படையினுடையவை.

திரையை விலக்கியதும் ஊர் திகைத்தது. போரில் சண்டையிட்ட கிழவர்கள் அப்போது நிறையப் பேர் உயிரோடு இருந்தார்கள். தாங்கள் கிழிந்த சட்டையும் தேய்ந்த செருப்புமாக நடந்த நடையில் இப்படியொரு கோட்டைக் கண்டதில்லை என்பதும், கண்டபோதெல்லாம் அதற்குள் இருந்தவன் தங்களைச் சுட்டான் என்பதும் அவர்களுக்கு மறந்துபோகவில்லை. பென்சில்வேனியாவில் குடியேறிய, 'டச்சு' என்று அழைக்கப்பட்ட ஜெர்மானிய விவசாயி மாதிரி இருக்கிறான் என்று கேலி பேசி 'டச்சி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருஷம் பொறுத்தார்கள். 1900 ஆகஸ்டில் ஒரு ராத்திரி கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளினார்கள். கால் முறிந்து விழுந்தவனை ஒரு குழி தோண்டி, குப்புறப் போட்டுப் புதைத்தார்கள். பீடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறு சிலை வாங்கி நிறுத்தினார்கள்.

82 வருஷம் கழித்து, 1982இல், டச்சியைத் தோண்டி எடுத்தார்கள். மண் அப்பிக் கிடந்தவனை லாரியில் ஏற்றி, கார் கழுவும் நிலையத்தின் உள்ளே ஓட்டிக் குளிப்பாட்டினார்கள். இப்போது உள்ளூர்க் கிரானைட் அருங்காட்சியகத்தில் கால் இல்லாமல் மல்லாக்கப் படுத்திருக்கிறான். அருங்காட்சியகம் அவனைக் கௌரவிக்கக் காரணம் போர் இல்லை, தொழில். அந்த ஊர்க் கிரானைட்டில் செதுக்கிய முதல் சிலை அது. அதற்காகப் போட்ட பட்டறையிலிருந்துதான் அந்த வட்டாரத்தின் கல் தொழில் கிளைத்தது. இன்று எல்பர்ட்டன் தன்னை உலகின் கிரானைட் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. அமெரிக்கக் கல்லறைகளில் நடும் கற்களில் கணிசமானவை இப்போது இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இறக்குமதியாகின்றன என்பதையும், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கல்லுக்கும் அந்தச் சந்தையில் இடம் உண்டு என்பதையும் நினைத்தால், அவர்களின் நினைவுச் சின்ன வியாபாரம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று வியப்பாக இருக்கிறது.

டச்சியின் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அமெரிக்கர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சிலை விழுந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். போர் முடிந்தது 1865. தெற்கில் கோர்ட் வாசல்களிலும் பூங்காக்களிலும் சிப்பாய்கள் பெருவாரியாக முளைத்தது 1900இலிருந்து 1915க்குள். முன்பு சின்னங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தன. துக்கத்துக்கு அதுதான் இடம். அவை ஊர் நடுவுக்கு நகர்ந்த அதே ஆண்டுகளில்தான் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களின் வாக்குரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தன. ரயில் பெட்டி முதல் பள்ளிக்கூடம் வரை நிறப்பாகுபாட்டைச் சட்டமாக்கின. 1894இல் தொடங்கிய 'தெற்கத்திக் கூட்டமைப்பின் புதல்விகள்' சங்கம் ஊர் ஊராகப் பணம் திரட்டியது. விருந்து வைத்தும் பலகாரம் விற்றும் சேர்த்த பணம். ஜார்ஜியாவின் மரியெட்டா நகரத்து மெக்நீல் மார்பிள் கம்பெனி அவர்களுக்குத் தவணைமுறையிலும் சிலை விற்றது. வாக்காளராகப் பதிவு செய்ய, வழக்கில் நிற்க, வரி கட்டக் கோர்ட்டுக்குப் போகிற கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் அந்தச் சிப்பாயைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அவன் முகத்தில் எந்தக் கோபமும் இல்லை. அது பட்டறை முகம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் நோக்கம் முகத்தில் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வடக்கும் இதில் சுத்தமில்லை. வடக்கின் ஒன்றியப் படையில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,80,000 பேர். வடக்கத்தி ஊர்ப் பூங்காக்களில் நிற்கும் 'சாதாரணச் சிப்பாய்' ஏறக்குறைய எல்லா இடத்திலும் வெள்ளைக்காரன்தான். அந்த வார்ப்புதான் எல்லாருக்குமான வார்ப்பாக விலைப்பட்டியலில் இருந்தது. அரிய விதிவிலக்கு ஒன்று வர்ஜினியாவின் நார்ஃபோக்கில் உள்ளது. மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் வில்லியம் கார்னி அந்த ஊரில் பிறந்தவர். அவரை மனத்தில் வைத்துச் செய்த கறுப்பினச் சிப்பாய் சிலை 1920இல் நிறுவப்பட்டது. ஊர்ப் பூங்காவில் அதற்கு இடமில்லை. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய இடுகாட்டில் வைத்தார்கள்.

பீடத்துப் பெயர்களிலும் இதே கோடு ஓடுகிறது. தென் கரோலினாவின் கிரீன்வுட் நகரத்து நினைவுச் சின்னத்தில் இரண்டு உலகப்போர்களிலும் இறந்த உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் 'வெள்ளையர்', 'நிறத்தவர்' என்று இரண்டு தலைப்புகளில் பிரித்து வார்க்கப்பட்டிருந்தன. ஒரே ஊரில் பிறந்து ஒரே போரில் செத்தவர்கள். 2010களில் அந்த நகரத்தின் மேயர் வெல்போர்ன் ஆடம்ஸ் அகரவரிசையில் எல்லாப் பெயரையும் கலந்து புதிய பலகை வைக்க முயன்றார். அமெரிக்கன் லீஜனின் உள்ளூர்க் கிளையும் சேர்ந்து நின்றது. செலவுக்கு நன்கொடையும் திரண்டது. மாநிலச் சட்டம் குறுக்கே வந்தது. நினைவுச் சின்னத்தில் கை வைக்க வேண்டுமானால் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று 2000இல் போட்ட சட்டம் அது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. கவனிக்க வேண்டியது, சண்டை எந்தச் சிலையைப் பற்றியும் இல்லை. இரண்டு தலைப்புச் சொற்களைப் பற்றியது.

2017 ஆகஸ்ட் 12இல் வர்ஜினியாவின் சார்லட்ஸ்வில் நகரில், தெற்கத்தித் தளபதி ஒருவரின் சிலையை அகற்றக் கூடாது என்று திரண்ட வெள்ளை இனவெறிக் கூட்டத்தை எதிர்த்து நின்ற ஒரு பெண் கார் ஏற்றிக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து, வட கரோலினாவின் டர்ஹமில் பழைய கோர்ட் கட்டடத்துக்கு முன்னால் 1924 முதல் நின்ற தெற்கத்திச் சிப்பாயின் கழுத்தில் பட்டை கட்டிப் போராட்டக்காரர்கள் இழுத்தார்கள். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. வெண்கலம் என்று எல்லாரும் நம்பியிருந்த சிப்பாய் தரையில் விழுந்ததும் தகர டப்பாவாக நசுங்கி மடங்கினான். மெக்நீல் கம்பெனி வழியாக வந்த, உள்ளே கூடான பட்டறைச் சரக்கு. பீடம் மட்டும் கல். சிப்பாய் போன பிறகும் அது மூன்று வருஷம் அங்கேயே நின்றது. 2020 ஆகஸ்டில்தான் அகற்றினார்கள்.

டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளின் ஊர் வேறொரு வழியைப் பார்த்தது. 1864 நவம்பர் 30ஆம் தேதி அங்கே நடந்த சண்டை, சில மணி நேரத்தில் தெற்கத்திப் படையைச் சிதைத்துவிட்ட சண்டை. 35 வருஷம் கழித்து அதே தேதியில் ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் தூண்மேல் ஒரு தெற்கத்திச் சிப்பாயை ஏற்றினார்கள். தூக்கி நிறுத்தும்போது தொப்பி விளிம்பில் ஒரு துண்டு உடைந்தது. மறுபடி இறக்கிச் சரிசெய்யவில்லை. அந்த மூளியை வைத்து ஊர் அவனைச் 'சிப்' என்று கூப்பிடுகிறது. சார்லட்ஸ்விலுக்குப் பிறகு சிப்பை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, உள்ளூர்ப் பாதிரியார்கள் சிலரும் போர்க்கள வரலாற்று அறக்கட்டளைக்காரர் ஒருவரும் சேர்ந்து, எடுக்க வேண்டாம், விட்டுப்போனதைப் பக்கத்தில் வையுங்கள் என்றார்கள். டென்னசியில் சிலையை எடுப்பதற்குச் சட்டமும் இடங்கொடுக்காது என்பது வேறு விஷயம். அந்தச் சதுக்கத்தில் அடிமைகளை விற்றதைச் சொல்லும் பலகைகள் 2019இல் வந்தன. 2021 அக்டோபரில் ஒன்றியப் படையின் கறுப்பினச் சிப்பாய்க்கு ஒரு வெண்கலச் சிலை வந்தது. ஜோ ஃபிராங்க் ஹோவர்ட் என்ற சிற்பி இதற்கென்றே தனியாகச் செய்தது. அடிமரத்தில் ஒரு கால், தொடைமேல் குறுக்கே கிடக்கும் துப்பாக்கி, தரையில் உடைந்த விலங்கு. சிப் நிற்பது உயரத் தூணின் உச்சியில். இவன் நிற்பது கிட்டத்தட்ட ஆள் உயரத்தில்.

இதற்கிடையில் ஒரு வழக்கும் நடந்தது. பலகை வைக்க நகராட்சி இடம் பார்த்தபோது, சதுக்கமே தங்களுக்குச் சொந்தம் என்று 'புதல்விகள்' சங்கத்தின் உள்ளூர்க் கிளை உரிமை கொண்டாடியது. நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பத்திரத்தைப் பார்க்கவில்லை. நகராட்சி நீதிமன்றம் போனது. கடைசியில் சமரசம்: சிப்பின் பீடம் நிற்கும் துண்டு நிலம் மட்டும் சங்கத்துக்கு, சுற்றியுள்ள சதுக்கம் நகரத்துக்கு.